கருவியும் கண்ணும்: ‘வழக்கு எண் 18/9’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்துரைக்குமிடத்துப் பறையையும் யாழையும் உணவோடும் மரத்தோடும் விலங்கோடும் பறவையோடும் ஒரே வரிசையில் வைத்தார். கலைக்கருவி அவர்க்கு நிலத்தின் விளைபொருள்களுள் ஒன்று. குறிஞ்சிக்கு ஒரு யாழ், முல்லைக்கு ஒரு யாழ் என நிலந்தோறும் கருவி மாறும். ஆயின் புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலுமாகிய உரிப்பொருளை அவர் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. கருவி வேறு, கருவியின் வழியே வெளிப்படும் உணர்வு வேறு என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. நம் காலத்துத் திரைக்கலையைப் பற்றிப் பேசுவோரிடம் அத்தெளிவு அருகியே காணப்படுகிறது. பெரிய காமிரா இருந்தாலன்றிப் பெரிய படம் இல்லை என்பார் ஒருசாரார். கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் நாளைய சத்யஜித் ராய் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் கருவியையே பேசுகின்றனர். அக்கருவிக்குப் பின்னாலிருக்கும் கண்ணைப் பேசுவார் அரியர்.

கடையிற் சென்று எவரும் விலைகொடுத்து வாங்கத்தக்க கருவியைக் கொண்டு தொழில்முறைத் திரைப்படம் எடுப்பது தமிழில் என்ன விளைவைத் தந்தது என்பதை ஒரே ஒரு படத்தை நடுவில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அப்படம் 2012ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’. ஒளிப்பதிவு எஸ். டி. விஜய் மில்டன். கருவி, திருமண வீடுகளிலும் பத்திரிகையாளர் கழுத்திலும் நாம் அக்காலத்தில் அன்றாடம் கண்ட கானன் 7டி என்னும் நிழற்படக் காமிரா.

இதனை டிராம்பேயிலிருந்து எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பம்பாய்த் தமிழரைத் திரையில் காட்ட விரும்பியவர்கள் நெடுங்காலம் பம்பாய்க்குள் நுழைய இயலாமலே இருந்தனர் என்பது நம் வாசகர் பலரும் எண்ணிப் பாராத செய்தி. 1987ஆம் ஆண்டின் ‘நாயகன்’ படத்தில் நாம் கண்டு நெகிழ்ந்த தாராவி, பெரும்பகுதி தாராவியன்று. சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பிய தாராவி அது. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் தரணியின் கலையும் தேசிய விருது பெற்றன, இரண்டும் தகுதியானவையே. மாட்டுங்கா அரோரா திரையரங்கில் அக்காலத்தில் அப்படத்தைப் பார்த்து வெளியே வந்த நம்மவர், ‘நம் சந்தேதான்’ என்று பெருமிதத்தோடு சொன்னதை நாம் மறக்கவில்லை. அது நம் சந்து அன்று என்பதை அறிந்தபோது வியப்போடு சிறிது வருத்தமும் எழுந்தது. முப்பத்தோராண்டு கழித்து, 2018இல், பா. இரஞ்சித்தின் ‘காலா’ வந்தபோதும் தாராவி மீண்டும் சென்னையிலேயே கட்டப்பட்டது.

இதற்கு இயக்குநர்களைக் குறைகூறல் முறையாகாது. தாராவியின் உட்சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அங்கே முப்பத்தைந்து மில்லிமீட்டர் காமிராவும், அதனைத் தாங்கும் முக்காலியும், தண்டவாளமும், விளக்குகளும், விளக்குகளுக்கு மின்சாரம் தரும் வண்டியும், அவற்றை இயக்க ஐம்பது அறுபது பேரும் புகுவதெங்ஙனம்? புகுந்தாலும், புகுந்த மறுகணமே அச்சந்து சந்தாக இராது. வேடிக்கை பார்ப்போர் கூடிய திருவிழாவாகிவிடும். ஆகவே பெரிய கருவி, தான் காட்ட விரும்பிய இடத்தைத் தன் வருகையாலேயே அழித்தது. வேறிடத்தில் அதைக் கட்டிக்கொள்வதன்றி அதற்கு வழியில்லை.

சீட்டா கேம்ப்பில் வாழ்வோர்க்கு இச்செய்தியில் ஒரு கசப்பான நயம் புலப்படலாம். 1976ஆம் ஆண்டு அணுசக்தி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டு இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். மக்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பதும், மக்களின் தெருவைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டுவதும் ஒன்றல்லதான். ஆனால் இரண்டிலும் உரியவர்களை யாரும் கேட்டதில்லை.

இனிக் கருவியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். எளிய கருவி தொழிற்களத்தில் நுழைவது புதுமையன்று. 1923ஆம் ஆண்டு கோடக் நிறுவனம் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளை வெளியிட்டபோது, அது வீட்டில் குழந்தைகளையும் சுற்றுலாவையும் படமெடுத்து மகிழ்வோர்க்காகவே செய்யப்பட்டது. பின்னர் அதுவே செய்திப்படத்தாரும் ஆவணப்படத்தாரும் நம்பியிருந்த கருவியாயிற்று. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்திற்காக (1956) ஸ்டுடியோவில் கட்டப்பட்ட காசி வீட்டு முற்றத்துக்கு, வானத்து ஒளி போன்ற மென்மையைத் தர விரும்பிய சுப்ரதா மித்ரா செய்தது என்ன? மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சித் திருப்பிவிட்டார். துணியினும் எளிய கருவி வேறு உண்டோ?

நம் மராட்டிய மாநிலத்திலேயே மாலேகாவ்ங் என்னும் விசைத்தறி ஊர் உண்டு. அங்கே வீடியோ கொட்டகை நடத்திவந்த ஷேக் நாசிர் என்பார், வீட்டு விசேடங்களைப் பிடிக்கும் வீடியோ காமிராவைக் கொண்டு, தறித்தொழிலாளரை நடிக்கவைத்து ‘ஷோலே’யைத் தம் ஊர்ப் பாணியில் எடுத்தார். மிதிவண்டி அவர்களுக்குத் தண்டவாள வண்டி. மாட்டுவண்டி, காமிராவை உயர்த்தும் ஏற்றம். ஃபைசா அகமத் கான் எடுத்த ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்ங்’ என்னும் ஆவணப்படத்தில் இவர்களைக் காண்போர் முதலில் சிரிப்பர். பின்னர் சிரித்ததற்கு நாணுவர்.

ஆயினும் அவ்வீடியோ காமிராவால் திரையரங்கின் பெருந்திரையை நிறைக்க இயலவில்லை. அதன் உணர்தகடு சிறு நகத்தளவே. அருகிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒரே தெளிவில் தோன்றும். ஒரு முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைத்துவிடும் திரைப்படத்தன்மை அதற்குக் கைவராது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் நிழற்படக் காமிராக்கள் இயங்குபடத்தையும் பதிவு செய்யத் தொடங்கியபோதுதான் நிலை மாறியது. கானன் 7டியின் உணர்தகடு ஏறத்தாழ இருபத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் திரைப்படச் சட்டத்துக்கு மிக நெருங்கிய அளவு. நொடிக்கு இருபத்துநான்கு சட்டங்கள் என்னும் திரைப்பட வேகமும் அதில் உண்டு. நிழற்படத்துக்கென்று வாங்கிய லென்சுகள் யாவும் பொருந்தும். 2009இல் வெளிவந்தபோது லென்சு நீங்கலாக அதன் விலை அமெரிக்காவில் 1,699 டாலர். 

குறைகளும் பல. ஒருமுறை இயக்கினால் பன்னிரண்டு நிமிடத்தோடு நின்றுவிடும். (ஆயிரம் அடிப் படச்சுருள் பதினொரு நிமிடமே ஓடும் என்பதை நினைவுகூர்ந்தால் இதைக் குறையென்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.) வெயிலில் நெடுநேரம் இயங்கினால் சூடேறும். காட்சியை வரிவரியாகப் படிப்பதால் காமிராவை விரைந்து திருப்பும்போது விளக்குக் கம்பம் சாய்ந்து தோன்றும். நெருங்கிய கட்டம்போட்ட புடவையில் இல்லாத வளையங்கள் நெளியும். உச்சிவெயிலில் வெள்ளைச் சுவர் வெறும் வெண்மையாக வெந்துபோகும். படச்சுருளில் எஞ்சும் நுண்ணிய சாயல்கள் இதில் எஞ்சா. ஒலியைத் தனியே பதிவு செய்வதே நலம். எனவே ‘எளிய கருவி’ என்பதால் எளிதாகப் படமெடுக்கலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். எந்தப் புடவையை உடுத்துவது, எந்த நேரத்து வெயிலில் நிற்பது என்பனவெல்லாம் கருவியின் குறையறிந்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை. குறையை அறிந்தவன் கையில்தான் அது தொழிற்கருவியாகிறது.

விஜய் மில்டன் அறிந்தவர். பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ படத்தை 2004இல் படச்சுருளில் எடுத்தவரும் அவரே. அவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்கு ஒரு வேறுபாடு விளங்கும். ‘காதல்’ மதுரையை அழகுற நிறுத்திக் காட்டிற்று. ‘வழக்கு எண்’ சென்னையை நிறுத்திக் காட்டவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சென்னையின் ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்க்கிறது. நடைபாதை உணவுக்கடை, குழாயடி, அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி, காவல்நிலையத்துப் பெஞ்சு ஆகிய இவ்விடங்களில் எவரும் காமிராவைக் கண்டு நிமிர்ந்ததாகத் தெரியவில்லை. நடித்தவர்களும் பெரும்பாலும் புதுமுகங்கள். அறிந்த நடிகர் இல்லை, அறியத்தக்க பெருங்காமிராவும் இல்லை; ஆகவே தெரு தன் வேலையைப் பார்க்கிறது.

கதையைச் சுருங்கச் சொல்வோம். கடனில் மூழ்கிய உழவுக் குடும்பத்துச் சிறுவன் வேலு, வடநாட்டு முறுக்குக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறான். பெற்றோர் இறந்த செய்தியும் அவனுக்கு மறைக்கப்படுகிறது. தப்பிச் சென்னை வந்து, நடைபாதைக் கடையொன்றில் வேலைக்கமர்கிறான். அருகிலுள்ள அடுக்குமாடியில் வீட்டுவேலை செய்யும் ஜோதியின்மேல் சொல்லாத அன்பு. அதே வீட்டுப் பெண் ஆர்த்தி, பள்ளி மாணவி. பள்ளிக்கூடம் நடத்தும் செல்வத் தாயின் மகன் தினேஷ் அவளிடம் நட்புப் பாராட்டி, அவளறியாமல் அவளைத் தன் கைப்பேசியில் படம்பிடிக்கிறான். அவள் அதனை அறிந்து விலகவே, சினங்கொண்டு திராவகத்தோடு வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவைத் திறப்பவள் ஜோதி.

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் டிராம்பேயில் அன்பர் ஒருவர் இல்லத்தில் பதினைந்து பேரளவில் கூடி இப்படத்தைப் பார்த்தோம். முடிந்தபின் வழக்கம்போல் ஆடவர் ஒளிப்பதிவு பற்றியும் திரைக்கதை பற்றியும் பேசத் தொடங்கினோம். ஓர் இளைஞர், அந்தத் திராவகம் ஜோதிமேல் விழுவது வெறும் தற்செயல். கதை தற்செயலைச் சார்ந்து நிற்பது பலவீனம் என்றார். நமக்கும் அது சரியெனவே பட்டது. அப்போது, செம்பூரில் இரண்டு வீடுகளில் வேலைசெய்துவரும் நெல்லைச் சீமை அம்மையார் ஒருவர், அடுக்களை வாயிலில் நின்றபடியே கேட்டார்: “பெரிய வீட்டுல மணியடிச்சா கதவத் தெறக்குறது யாரு அண்ணாச்சி? எங்க ஆளுதான?”

அவ்வொரு வினாவில் நம் திறனாய்வு தலைகீழாயிற்று. தற்செயல் என்று நாம் கருதியது தற்செயலன்று. செல்வர் வீட்டை நோக்கி வரும் எதுவும், விருந்தாயினும் வெங்கொடுமையாயினும், முதலில் வேலைக்காரப் பெண்ணின் முகத்தைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். இயக்குநர் இதனை எங்கும் உரையாடலில் சொல்லவில்லை. கதவைத் திறப்பது ஒருத்தியின் வேலை என்பதை அதற்கு முன்பே அன்றாடக் காட்சிகளில் நாம் பார்த்துப் பழகிவிட்டோம், பார்த்தும் கவனியாதுவிட்டோம். காமிரா கவனித்தது, நாம் கவனிக்கவில்லை.

இப்படத்தின் அமைப்பில் மற்றொரு நுட்பம் உண்டு. முன்பாதி முழுவதும் வேலு, காவல் ஆய்வாளர் குமாரவேலிடம் சொல்லும் வாக்குமூலம். பின்பாதி ஆர்த்தி அதே ஆய்வாளரிடம் சொல்லும் வாக்குமூலம். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்கிறார், கனிவாகக் கேட்கிறார். நாமும் அவரோடு அமர்ந்தே கேட்கிறோம். பின்னர் கேட்டதையெல்லாம் அவர் விலைபேசி விற்கிறார். தினேஷின் தாயிடம் பணம் பெற்று, ஜோதியின் சிகிச்சைக்கு வழிசெய்வதாக வேலுவை நம்பவைத்து, செய்யாத குற்றத்தை அவனை ஏற்கச் செய்கிறார். ஆக, இப்படத்தில் பதிவு செய்யும் கருவிகள் இரண்டல்ல, மூன்று. தினேஷின் கைப்பேசி ஒன்று. ஆய்வாளரின் செவி மற்றொன்று. விஜய் மில்டனின் காமிரா மூன்றாவது. முதல் இரண்டும் பிறர் வாழ்வைப் பதிந்து அதனை அவர்க்கெதிராகவே பயன்படுத்துகின்றன. மூன்றாவதும் அப்படித்தானா என்னும் வினாவைத் தவிர்க்க முடியாதபடி படம் நம்முன் வைக்கிறது. கைப்பேசியும் 7டியும் ஒரே அங்காடியின் ஒரே கண்ணாடிப் பேழையில் அன்று விற்கப்பட்ட பொருள்களன்றோ? பெருங்காமிராவால் எடுத்திருந்தால் இவ்வினா இத்துணைக் கூர்மையாக எழுந்திராது. அது தொலைவிலுள்ள தொழிற்சாலைப் பொருள். நம் வீட்டுப் பொருளன்று.

நம் துணிபு இது: பின்பாதியை ஆர்த்தியின் வாய்மொழியாகவே அமைத்ததனால் இயக்குநர் அக்குற்றத்திலிருந்து பெரும்பாலும் தப்புகிறார். அவளறியாமல் அவளிடமிருந்து திருடப்பட்டது, அவளே சொல்லும் சான்றாக அவளிடம் திரும்புகிறது. அவள் அஞ்சுகிறாள், நாணுகிறாள், ஆயினும் சொல்கிறாள். தலைகுனியவேண்டியவன் அவளல்லன் என்பதில் படத்துக்கு ஐயமே இல்லை. பெண்ணின் மானம் போயிற்று என்று அழுது முடிக்கும் பழைய தமிழ்ப்படங்களினின்று இது வெகுதொலைவு வந்துவிட்டது.

மலையாளத்தில் ஓராண்டு முன்னர், 2011இல், சமீர் தாஹிர் இயக்கிய ‘சாப்பா குரிசு’ வெளிவந்தது. அதுவும் 7டியில் எடுக்கப்பட்டது. அதன் கதையும் ஒரு கைப்பேசியையே சுற்றுகிறது! செல்வ இளைஞன் ஒருவன் தான் நெருங்கிப் பழகிய பெண்ணோடு இருந்ததைப் படம்பிடித்து வைத்திருந்த கைப்பேசி தொலைந்து, கடைத்தொழிலாளி ஒருவன் கையில் அகப்படுகிறது. இருவருக்கும் நிகழும் துரத்தலே படம். இந்தியில் திபாகர் பானர்ஜி ‘லவ் செக்ஸ் அவுர் தோக்கா’வை 2010இல் எடுத்தார், அதிலோ கைக்காமிராவும் கண்காணிப்புக் காமிராவுமே கதைசொல்லிகள். மூன்றாண்டுகளுக்குள், மூன்று மொழிகளில், ஒருவரையொருவர் சாராத மூன்று படைப்பாளிகள், சிறு காமிரா கைக்கு வந்ததும் முதலில் எடுத்த கதை சிறு காமிராவைப் பற்றிய அச்சமே என்பது எண்ணத்தக்கது. ‘சாப்பா குரிசு’ பின்னர் தமிழில் ‘புலிவால்’ எனப் பெயர்ந்தது; அதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. மலையாளப் படம் திறம்மிக்கது. ஆனால் அதில் படம்பிடிக்கப்பட்ட பெண்ணுக்குத் தன் கதையைச் சொல்லும் இடம் குறைவு. இரு ஆடவரின் மானப்போரில் அவள் பொருளாகவே பெரிதும் நிற்கிறாள். அவ்வகையில் தமிழ்ப்படமே ஒருபடி மேல் என்பது நம் கருத்து, தமிழ்ப்பற்றால் சொல்வதன்று.

குறைகள் இல்லையா? உண்டு. ஏழையர் யாவரும் நல்லர், செல்வர் யாவரும் தீயர் என்னும் பழைய பிரிவினை இப்படத்தையும் விட்டபாடில்லை. வேலுவுக்குச் சோறிட்டு வேலை தேடித்தரும் ரோசி, அவனோடு கடையில் வேலைசெய்யும் கூத்துக்காரச் சிறுவன் சின்னசாமி ஆகியோர் உயிருள்ள படைப்புகள். ஆனால் தினேஷும் அவன் தாயும் தீமையின் உருவங்களாக மட்டுமே நிற்கின்றனர். இதனினும் பெருங்குறை ஜோதியின் மௌனம். வேலு பேசுகிறான், ஆர்த்தி பேசுகிறாள். திராவகம் பட்ட பெண்ணுக்கு வாக்குமூலம் இல்லை. முன்பாதியில் அவளை நாம் வேலுவின் கண்ணாலேயே காண்கிறோம். அவனது அன்பு தூயதுதான். எனினும் அதுவும் அவளறியாமல் பார்க்கும் பார்வையே என்பதைப் படம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இறுதியில் அவள் நீதிமன்றத்தில் அந்த ஆய்வாளர்மேல் திராவகத்தை வீசுவது, மூன்று பாகமாக நீண்டிருக்க வேண்டிய அவளுடைய பேச்சை ஒரே செயலில் அடைத்துவிடுகிறது. திரையரங்கில் கைதட்டல் எழுந்தது. நாம் கைதட்டவில்லை. பேச விடாத ஒருத்தியை வீசச் செய்தது நீதியாகுமா என்னும் தயக்கம் இன்றும் நமக்கு நீங்கவில்லை. இப்படம் அறுபதாவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமெனப் பரிசு பெற்றது, தகும்.

எளிய கருவி எப்போதும் எளியோர் பக்கமே நிற்கும் என்று கருதுவோர்க்கு நம் தாராவியே மறுப்பு. 2008இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திற்காக ஆந்தனி டாட் மாண்டில் சிறிய மின்னணுக் காமிராக்களோடு, சிலவிடங்களில் கானன் நிழற்படக் காமிராவோடும், மும்பைச் சந்துகளில் சிறுவரோடு ஓடினார். பத்தாண்டு முன்னர் டென்மார்க்கின் ‘ஃபெஸ்டன்’ படத்தை உள்ளங்கையளவு சோனி வீடியோ காமிராவில் எடுத்தவரும் அவரே. ‘நாயகன்’ நுழைய முடியாத சந்துக்குள் அவர் நுழைந்தார். ஆஸ்கார் விருதும் பெற்றார். ஒளிப்பதிவின் துடிப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் அப்படத்தின் பெயரையே இழிவென்று கருதி இந்நகரில் நம் மக்கள் முழங்கியதையும் மறப்பதற்கில்லை. கருவி சந்துக்குள் வந்துவிட்டது. கண் விமானத்தில் வந்த கண்ணாகவே இருந்தது. அதே ஒளிப்பதிவாளர் 2025இல் வெளியான ‘28 இயர்ஸ் லேட்டர்’ படத்தில் கைப்பேசிகளைப் பயன்படுத்தினார். இருபது கைப்பேசிகளை ஒரே சட்டத்தில் பூட்டி எடுத்த காட்சிகளும் உண்டு. அவற்றுக்கு மாட்டிய லென்சுகளையும் சட்டங்களையும் பார்த்தால், ‘கைப்பேசியில் எடுத்தோம்’ என்னும் விளம்பரத்தை நம்பி நம் பிள்ளைகள் ஏங்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு மாறாக, இந்நகரிலேயே ஆரவாரமின்றி நிகழ்ந்த முயற்சி அமோல் குப்தேயின் ‘ஸ்டான்லி கா டப்பா’ (2011). அந்தேரிப் பள்ளி ஒன்றில், சனிக்கிழமைதோறும் சில மணி நேரம் நடந்த நாடகப் பயிலரங்கின் ஊடாகவே 7டி காமிராவில் எடுக்கப்பட்டது. பிள்ளைகள் ஒருநாள் பாடத்தையும் இழக்கவில்லை. உணவு டப்பா கொண்டுவர இயலாத சிறுவன், இரவில் உணவுக்கடையில் வேலைசெய்பவன் என்பது இறுதியில்தான் புலனாகும். சிறுவர் உழைப்பைப் பற்றிய படத்தைச் சிறுவரை வேலைவாங்காமல் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கருதினார். அவர் கருத்துக்குச் சிறு காமிரா இடங்கொடுத்தது. ஸ்டான்லியையும் வேலுவையும் ஒரே கடையில் நிறுத்திப் பார்க்கலாம். தாராவியில் முறுக்குச் சுடும் கூடங்களையும் இட்லி அவிக்கும் வீடுகளையும் அறிந்த நமக்கு இருவரும் அயலாரல்லர்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கௌதம் வாசுதேவ் மேனன் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ என்னும் குறும்படத்தை, நடிகர்கள் தத்தம் இல்லத்திலிருந்தபடியே கைப்பேசியில் எடுத்து வெளியிட்டார். பலர் பாராட்டினர். பழைய காதலரின் உரையாடல் இனிமையாகவே இருந்தது. ஆனால் அங்கே கைப்பேசி, பெருங்காமிரா வரமுடியாத நாளில் அதன் நாற்காலியில் அமர்ந்த மாற்றாள், அவ்வளவே. ‘வழக்கு எண்’ணில்தான் கருவி கருப்பொருளின் இடத்தைப் பெற்றது, அந்நிலத்தில் விளைந்து, அந்நிலத்தின் துயரத்துக்கும் காரணமாகி நின்றது.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில், சீட்டா கேம்ப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். திருமண வீடுகளில் படமெடுப்பது அவர் தொழில். மற்றவர் விற்றுவிட்ட பழைய 7டி ஒன்றை வாங்கி, ஓய்வுநாளில் தம் தெருவின் தண்ணீர் வரிசையைப் பதிந்துவந்திருக்கிறார். நாற்பது நிமிடம் பார்த்தோம். சிலவிடங்களில் குவியம் பிசகியிருந்தது. லாரி ஓசையில் பேச்சு மூழ்கியது. ஆனால் விடியுமுன் குடங்களை வரிசைவைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து தலைவாரிக்கொள்ளும் பெண்கள், எந்தப் படத்திலும் நாம் காணாதவர்கள். ஒரு காட்சியில், வயது முதிர்ந்த ஒருவர் காமிராவைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். அதுவே அப்பதிவின் மிகச் சிறந்த காட்சி. இதை வைக்கலாமா, வெட்டிவிடலாமா என்று அவர் நம்மைக் கேட்டார். அந்த அம்மையாரையே கேளுங்கள் என்றோம். கேட்டுவருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இம்மலர் அச்சேறும் வரை திரும்பவில்லை.